நீட்டாய் ஒன்று, கட்டையாய் இரண்டு

தந்தி எழுத்து எழுத்தாகத்தான் வரும். அதைக் காதால் கேட்டுக் கையால் எழுதுவதிலேயே என் பாதி வயது போய்விட்டது. செய்தி முடியும்வரை அதன் பொருளைப் பற்றி யோசிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதலில் பழகும் பழக்கம். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கொழும்பிலிருந்து வந்த தந்தியையும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். பேசாலையில் இருக்கும் ஒரு பெண்மணியின் முகவரி. 'தமையன்' என்ற சொல்வரை கை தன்பாட்டில் ஓடியது. அடுத்த சொல்லின் முதல் எழுத்து விழுந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் முழுவதையும் எழுதி, கிடைத்தது என்று பதில் தட்டி, நேரம் குறித்து, ஒப்பமும் வைத்தேன். அதன் பிறகுதான் பொருளை யோசித்தேன். எங்கள் மருந்துச்சாலை அப்போதிக்கரி சூசைப்பிள்ளை போய்விட்டார்.

அவர் மறைந்த முப்பத்தோராம் நாளான இன்று இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரை முகத்தால் தெரியும். முகம் தெரியாமல் சத்தத்தால் மட்டும் அறிந்தவர்கள் அதைவிட அதிகம். நான் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்கு எதிராகப் பெட்டிசம் எழுதிய ஒரே ஆள் நான் என்பதால் எனக்கு அந்த உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மன்னார் அரசாங்க மருந்துச்சாலைக்கு அவர் வந்தபோது நான் இங்கே தபால் மாஸ்டராக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் யாழ்ப்பாணத்தான். காற்றும் உப்பும் கழுதையும் இல்லாத ஏதாவது ஓர் ஊருக்கு மாற்றம் தாருங்கள் என்று மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவர் பேசாலைக்காரர், பிறந்த தீவுக்கே வேலையோடு திரும்பி வந்த சந்தோஷம் அவர் நடையிலேயே தெரியும். கிழமையில் இரண்டு நாள், தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் தாம்போதியைக் கடந்து அக்கரைக் கிராமங்களுக்குப் போய் மருந்து கொடுப்பது அவர் கடமை. அதற்காக, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். வைக்கோல் சுற்றி ரெயிலில் வந்து இறங்கிய அதைப் பார்க்கப் பாதி ஊர் ஸ்டேசனில் நின்றது. நானும் நின்றேன், முறைத்துக்கொண்டு.

மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு உயிலங்குளம் போவார். அங்கிருந்து நானாட்டான் பக்கம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மரத்தடியில் நிறுத்தி ஹோர்ன் அடிப்பார். அதைக் கேட்டுச் சனம் போத்தலோடு வர வேண்டும். மருந்துக்கு வருகிறவர் போத்தலைத் தாமே கொண்டுவருவது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம்.

ஆனால் சனம் சட்டியோடு வந்தது. அந்த மோட்டார் சைக்கிளில் இருந்தது பித்தளைக் குழலும் ரப்பர் குமிழும் உள்ள சாதாரண ஹோர்ன். அச்சொட்டாக அதே ஹோர்ன்தான் காதர் காக்காவின் சைக்கிளிலும் இருந்தது. காலையில் கரையில் மீன் எடுத்துப் பெட்டியில் கட்டி, வயல் ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்கிறவர் அவர். 'பாம், பாம்' என்று கேட்டால் மீன் வந்திருக்கிறது என்றுதான் அங்கே அர்த்தம். "என்ன ஐயா, சூடையோ திரளியோ?" என்று கேட்டு வருவார்களாம். "கொயினா" என்று காய்ச்சல் மருந்தின் பெயரைச் சொல்வாராம் இவர். "உது குழம்புக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்களாம். தபால் கந்தோருக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்தேன்.

ஒரு மாரிகாலத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. காய்ச்சல் வீட்டுக்கு வீடு புகுந்திருந்தது. நானாட்டானுக்கு அப்பால் ஒரு சின்னக் குடியிருப்பில், மருதமரத்தடிக்கு இரண்டு வயல் தள்ளி, பாக்கியம் என்ற வயல் வேலைக்காரப் பெண்ணின் வீடு. ஐந்து வயது மகளோடு தனியாக இருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையும் சூசைப்பிள்ளை அதே மரத்தடிக்கு வந்து ஹோர்ன் அடித்து, வந்தவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் கிழமை யாரோ பேச்சுவாக்கில் சொல்லத்தான் தெரிந்து ஓடினார். பிள்ளை கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்தது.

"ரெண்டு கிழமையும் வந்தனானே, அம்மா. ஹோர்ன் கேக்கேல்லையோ?"

"கேட்டது, ஐயா. மீன்காரர் எண்டு நினைச்சன். மீன் வாங்கிற நிலையில நான் இல்லை. அதுதான் கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு இருந்திட்டன்."

அன்று முழுவதும் அவர் அந்தக் குடிசையை விட்டு அசையவில்லை. பிள்ளை பின்னேரம் வாய் திறந்து தண்ணீர் கேட்டது. பிழைத்துவிட்டது. ஆனால் அடுத்த நாள் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த சூசைப்பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "வந்த ஆக்களை எண்ணிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன், மாஸ்டர். வராத ஆக்களை எல்லோ எண்ணியிருக்க வேணும்" என்றார். அந்த வசனத்தை அதன்பின் எத்தனையோ தடவை அவர் வாயால் கேட்டிருக்கிறேன். முதல் தடவை அதைச் சொன்னபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

பிறகு அவர் செய்த வேலை ஹோர்ன் தெரிவு செய்வது. கொழும்புக் கடை ஒன்றின் படம் போட்ட விலைப்பட்டியலைத் தபாலில் வரவழைத்து என் மேசையிலேயே விரித்தார். மின்சார ஹோர்ன் ஒன்று இருந்தது. அதற்கு பற்றரி வேண்டும், அவருடைய வண்டியிலோ விளக்குக்கூடக் கார்பைட் விளக்கு. என் தந்தி மேசைக்குப் பின்னால் வரிசையாக இருந்த அரசாங்க பற்றரிகளை அவர் ஒரு தடவை ஆசையோடு பார்த்தார். நான் எழும்பி அந்தக் கதவைச் சாத்தினேன். புகைக்குழாயில் பூட்டும் விசில் ஒன்று இருந்தது. அது ரெயில்போலக் கூவும் என்று போட்டிருந்ததால் விட்டுவிட்டோம். ஊதினால் சனம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேசனுக்கு ஓடும். இப்போது இருப்பதிலேயே பெரிதாக ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்டேன்.

"பெரிய ரப்பர் போட்டால், பெரிய மீன்காரன் வாறான் எண்டுதான் நினைப்பினம்" என்றார்.

கடைசியில் அமுக்கு ஹோர்னைத் தெரிந்தெடுத்தார். மேலே உள்ள குமிழை உள்ளங்கையால் அமுக்கினால் உள்ளே பற்சக்கரம் சுற்றித் தகட்டை உரசும். பற்றரியும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். பட்டியலில் அதற்குக் கீழே, நகரத்தில் பாவிப்பதானால் மெதுவாக அமுக்கவும் என்று ஓர் எச்சரிக்கை இருந்தது. அதை வாசித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பழைய சூசைப்பிள்ளை கொஞ்சம் திரும்பி வந்தார்.

பார்சல் வந்த அன்றே, கந்தோர் முற்றத்தில், என் ஜன்னலுக்கு நேரே அமுக்கினார். அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வது? மூச்சை உள்ளே இழுத்து, ஒரு கணம் பிடித்து, பிறகு ஊரே அதிர வெளியே விட்டது. முற்றத்தில் படுத்திருந்த கழுதைகள் நாலும் எழும்பி நின்று பதில் சொல்லின. அவற்றுக்குக் கோட்டையடியில் நின்றவை பதில் சொல்லின. நான் அந்த நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நீண்ட தந்தியை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. அந்த முனையில் இருந்தவன் எனக்குக் காது செவிடோ என்று தட்டிக் கேட்டான்.

எனக்குக் கோபம் வந்தால் எழுதித்தான் தீர்ப்பேன். மாவட்ட அதிகாரியான கச்சேரித் துரைக்கு இரண்டு பக்கத்தில் பெட்டிசம் எழுதினேன். முதுகுக்குப் பின்னால் செய்யக் கூடாது என்று அதை அனுப்புமுன் அவரிடமே காட்டினேன். நிதானமாக வாசித்தார். "எல்லாம் சரி, மாஸ்டர். எவ்வளவு தூரத்துக்குக் கேட்டதெண்டு எழுதேல்லையே. அதையும் போடுங்கோ. எனக்கு அது தேவை" என்று சொல்லி, என் பென்சிலை எடுத்து ஓரத்தில் குறித்தும் தந்தார். அதற்குமேல் அதை எப்படி அனுப்புவது? மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன்.

அக்கரையில் நடந்தது அதைவிட மோசம். நானாட்டான் பக்கம் ஊர் ஊராக நிறுத்தி அமுக்கியிருக்கிறார். போத்தலோடும் ஒருவரும் வரவில்லை, சட்டியோடும் வரவில்லை. ஓர் ஊரில் மட்டும் ஒரு கமக்காரர் பொல்லோடு ஓடி வந்தார். மன்னார்க் கழுதை ஒன்று அவிழ்த்துக்கொண்டு வந்து வயலுக்குள் பூந்துவிட்டது என்று நினைத்தாராம். "மீனுக்காவது நாலு பேர் வந்தவை, மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டு, கழற்றிய ஹோர்னை என் மேசையில் வைத்தார். திருப்பி அனுப்பிவிடலாம் என்று பார்சல் கட்டும் நூலும் கேட்டார்.

நூலைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வெளியே ஒரு கழுதை கத்தத் தொடங்கியது. வழக்கம்போல நான் எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தேன். கத்தத் தொடங்கினால் மூச்சு முடியும்வரை கத்தும். நடுவில் நிறுத்தாது, கணக்கும் வைக்காது. உள்ளே என் தந்திக் கருவி நீட்டாயும் கட்டையாயும் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் என் காதில் ஒரே நேரத்தில் விழுந்தன. இத்தனை வருடத்தில் என் தொழில் தபாலுக்கு வெளியே ஒருவருக்குப் பயன்பட்டது அன்றுதான்.

"சத்தத்தில குறை இல்லை, அப்போதிக்கரியார். உதுக்கு ஒரு கணக்கு வையுங்கோ" என்றேன். "நீட்டாய் ஒண்டு. கட்டையாய் ரெண்டு. பிறகு நிப்பாட்டுங்கோ. கழுதைக்கு எண்ணத் தெரியாது." தந்திக் கணக்கில் அது ஓர் எழுத்து, மருந்துச்சாலையின் ஆங்கிலப் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்கும். முழுக்க ஓர் அமுக்கு, அரைகுறையாக இரண்டு. என் மேசையில் பென்சிலால் தட்டித் தட்டிப் பழகினார். பழகி முடிந்ததும் பார்சல் நூலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். நூல் அரசாங்கத்துடையது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஹோர்னைச் சரியாகப் பூட்டித் தந்தவர் காதர் காக்கா. முதலில் அதை இடது ஹாண்டிலில் கடையில் வந்த பிடியோடு பூட்டியிருந்தார்கள். கிரவல் றோட்டில் அரை மைல் ஓடியதும் அது தலையைத் தொங்கப் போட்டு முன் சில்லைப் பார்த்து உறுமியது. காக்கா தன் சைக்கிளின் பழைய ரியூப்பை வெட்டி, ஹாண்டிலுக்கும் பிடிக்கும் இடையில் சுற்றி இறுக்கினார். பிறகு பீப்பாப் பட்டை இரும்பை வளைத்து ஒரு தட்டுச் செய்து, ஹோர்னின் வாயை எந்தப் பக்கமும் திருப்பக்கூடியதாக அதில் வைத்தார். "காத்தோட போற சத்தம்தான் போகும், ஐயா. சோளகக் காத்துக்கு ஒரு பக்கம், வாடைக் காத்துக்கு மற்றப் பக்கம். ஊருக்குக் காத்து வாற பக்கத்தில நிப்பாட்டிப்போட்டு அமத்துங்கோ" என்றார். மருத்துவம் படித்தவரும் தந்தி படித்தவரும் யோசிக்காததை மீன் விற்கிறவர் யோசித்தார்.

அதைவிடப் பெரிய உதவியும் அவர்தான் செய்தார். இரண்டு கிழமையாக மீன் விற்ற வாசலில் எல்லாம், "'பாம் பாம்' எண்டால் நான். நீட்டாய் ஒண்டு, கட்டையாய் ரெண்டு எண்டால் மருந்து. காசு வேண்டாம், போத்தல் கொண்டு வாங்கோ" என்று சொல்லிக்கொண்டு போனார். மூன்றாம் கிழமை சூசைப்பிள்ளை மருதமரத்தடியில் நிறுத்தி அமுக்கியபோது, முதலில் திறந்தது பாக்கியத்தின் வீட்டுக் கதவு. அதைச் சொல்ல அவர் தலைமன்னார் ரெயில் வரும் நேரத்தில் கந்தோருக்குள் ஓடிவந்து, தபால் பைகளுக்கு நடுவில் நின்று, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

உலக யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் போனபோது அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஹோர்னைத் தட்டோடு கழற்றி ஒரு சைக்கிளில் பூட்டினார். சைக்கிளைவிட ஹோர்ன் பெரிதாகத் தெரியும். எதிர்க்காற்றில் தாம்போதியில் அவர் மிதித்துக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. அக்கரையில் ஒருவர்கூட அவர் மோட்டார் சைக்கிளில் வரவில்லை என்று வீட்டில் இருந்துவிடவில்லை. யுத்தம் முடிந்ததும் ஹோர்ன் திரும்பவும் மோட்டார் சைக்கிளில் ஏறியது.

ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு யார் யார் வரவில்லை என்று விரல் மடித்து எண்ணுவார். அடுத்த முறை அவர்கள் வீட்டுக்கு நடந்து போவார். கேட்டுக் கேட்டு எனக்கும் அது தொற்றிவிட்டது. எடுக்காமல் கிடக்கும் கடிதங்களை முன்பெல்லாம் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். இப்போது குடையை எடுத்துக்கொண்டு தேடிப் போகிறேன். கடைசியில் நான் கேட்ட மாற்றம் வந்தபோது வேண்டாம் என்று எழுதினேன். கழுதைகள் பழகிவிட்டன என்று காரணம் காட்டினேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் நெஞ்சு வருத்தத்துக்காக அவரைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். போகுமுன் மோட்டார் சைக்கிளைக் கந்தோரின் பின்கொட்டிலில் விட்டார். காக்காவுக்கு அதை ஓட்டப் பழக்கியிருந்தார். "கிழமைக்கு ஒருக்கா ஓட்டுங்கோ, காக்கா. ஹோர்னுக்கு எண்ணெய் விடுங்கோ. வந்து பாப்பன்" என்றார். வரவில்லை.

தந்தி வந்த காலையில் காக்கா மீன் பெட்டியோடு புறப்பட்டு நின்றார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். "ஐயா மௌத்தாகிட்டாரோ?" என்று கேட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு எழும்பி, அக்கரை ஊர்களுக்கெல்லாம் அறிவித்துவிட்டு வருகிறேன் என்று போனார். அடுத்த நாள் பின்னேரம் பேசாலையில் அடக்கம். றோட்டு நெடுக மாட்டு வண்டிகள். உயிலங்குளத்திலிருந்தும் நானாட்டானிலிருந்தும் வந்த அத்தனை சனத்தை நான் அந்தத் தீவில் வேறு எதற்கும் கண்டதில்லை. சாமியார் செபம் சொல்லிக்கொண்டிருக்க, என் விரல்கள் தன்பாட்டில் மடிந்துகொண்டிருந்தன.

"பாக்கியத்தைக் கண்டனீங்களோ?" என்று காக்காவிடம் கேட்டேன்.

"இல்லை, மாஸ்டர். அந்த ஒழுங்கையில ரெண்டு தரம் அடிச்சனான். ஆரும் வரேல்லை."

"எதை அடிச்சனீங்கள்?"

காக்கா மதிலோடு சாத்தியிருந்த தன் சைக்கிளையும் அதன் ரப்பர் குமிழையும் திரும்பிப் பார்த்தார். சூசைப்பிள்ளை பதினான்கு வருடமாகத் திருத்திய பிழையை அவர் செத்த செய்தியிலேயே நாங்கள் மறுபடியும் செய்திருந்தோம்.

மறுநாள் காலை கந்தோரைக் கிளார்க்கரிடம் விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினேன். தாம்போதி முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை. காக்கா மருதமரத்தடியில், காற்று வரும் பக்கமாக நிறுத்தினார். ஹோர்னின் வாயைத் திருப்பினார். கையை வைத்தவர் எடுத்துவிட்டார்.

"அமத்தட்டோ, மாஸ்டர்? ஐயா எண்டெல்லோ ஓடி வருவா."

எனக்கும் அதே நினைப்புத்தான். இருந்தாலும், "அமத்துங்கோ. அவ வர வேண்டியது இந்தச் சத்தத்துக்குத்தான்" என்றேன்.

நீட்டாய் ஒன்று. கட்டையாய் இரண்டு. இரண்டு வயலுக்கு அப்பால் கதவு திறந்தது. பாக்கியம் போத்தலோடு வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்தார். தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்: "ஐயா, சுகமாகி வந்திட்டீங்களோ? மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, ஐயா! ரெண்டு நாளாய் நோ. நேற்றுப் பின்னேரம்தான் பிறந்தது!"

கிட்ட வந்ததும் நின்றார். முன்னால் இருந்த காக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எத்தனையோ மரணத் தந்திகளை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன். அன்று காக்காதான் சொன்னார். பாக்கியம் வரப்பிலேயே இருந்து வாய்விட்டு அழுதார். நாங்கள் மூன்று பேரும் அழுதோம். பிறகு அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடியில் கிடந்த போத்தலைப் பார்த்தபடி கேட்டார்.

"இனி ஆர் வருவினம், மாஸ்டர்?"

"புது அப்போதிக்கரி திங்கட்கிழமை வாறார்."

"அவருக்கு உந்தச் சத்தம் தெரியுமோ?"

தெரியும் என்றேன். அது பொய். காக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மகளுக்குப் பால் ஊறப் பால்சுறா கொண்டுவாறன், தங்கச்சி. அதுக்கு என்ர சத்தத்துக்கு வரவேணும்" என்றார். பாக்கியம் அழுகைக்கு நடுவில் சிரித்தார்.

திங்கட்கிழமை புது அப்போதிக்கரி ரெயிலால் இறங்கியபோது நான் ஸ்டேசனில் பென்சிலோடு நின்றேன். மருந்துச்சாலையில் பெட்டியைத் திறக்கவிடாமல் மேசையில் தட்டிக் காட்டிய என்னை அவர் பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்திருப்பார். ஆனால் நல்ல காதுள்ள மனிதர். இரண்டாம் தரமே பிடித்துக்கொண்டார். அவருக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும். சூசைப்பிள்ளையின் தங்கை பேசாலையிலிருந்து வந்து, "அண்ணனின்ர வண்டி அண்ணன் போன ஊருகளுக்குத்தான் போகவேணும்" என்று சொல்லி அதை மருந்துச்சாலைக்கே விட்டுவிட்டார். காக்கா ஹோர்னைக் கழற்றித் துடைத்து, புது ரியூப்பு வெட்டிச் சுற்றி, திரும்பவும் இறுக்கிக் கொடுத்தார். முதல் நாள் திரும்பி வந்து என் எதிரே அந்தக் கதிரையில் இருந்தவரிடம், எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. யார் வரவில்லை என்று கேட்டேன்.

சூசைப்பிள்ளையின் பொருள் என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான்: நான் அனுப்பாத பெட்டிசம். அதன் ஓரத்தில் அவர் பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை. 'எவ்வளவு தூரத்துக்குக் கேட்டது?' என்று எழுதியிருக்கிறது. போன கிழமை லாச்சியைத் திறந்து அதை எடுத்தேன். பதினான்கு வருடம் பிந்தி, அவர் கேள்விக்குக் கீழே மையால் பதில் எழுதினேன்.

பாக்கியத்தின் வீடுவரை கேட்டது. இப்போதும் கேட்கிறது.